என் கால் அளவுக்கு ஒரு கார்

பிளிமத் கார் எங்கள் பனியன் கம்பெனி வாசலுக்குள் நுழைந்தபோது தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. பதினாறு அடி நீளம். முன்பக்கம் முழுக்க வெள்ளிப் பட்டைகள். கம்பை ஊன்றிக்கொண்டு வாயைப் பிளந்தபடி நின்றேன். மூட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

வருவதாக இருந்ததோ புது ஃபியட். ஒரு மாதமாக வீட்டில் இதே பேச்சுதான். ஃபியட்டுக்கு நாலு சிலிண்டர், பிளிமத்துக்கு ஆறு. ஃபியட் ஒரு கேலனுக்கு முப்பது மைலுக்கு மேல் ஓடும்; யாரோ எஸ்டேட்காரர் விற்கும் பழைய பிளிமத் அதில் பாதி ஓடினால் பெரிது. என் வீட்டுக்காரர் பொங்கியண்ணன் தரையில் கிடக்கும் நூலைக்கூடப் பொறுக்கிச் சுற்றிவைக்கிற மனிதர். அவர் எதை வாங்குவார் என்று கம்பெனியில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

கார் பேச்சே என் அம்மாவால்தான் வந்தது. குன்னத்தூரில் படுத்த படுக்கையாகக் கிடந்தவள், என் மகள் சென்னம்மாளைக் கண்ணில் காட்டுங்கள் என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கிணற்று மேட்டில் விழுந்ததிலிருந்து எனக்கு வலது முழங்கால் மடங்காது. பஸ்ஸில் ஏற முடியாது, மாட்டுவண்டி குலுங்கினால் உயிர் போகும். இரண்டு கார்களும் கோயமுத்தூரில் இருந்தன; நான் போய் உட்கார்ந்து பார்க்க வழியில்லை. அதனால் கட்டிங் மாஸ்டர் ஜமால் பாய், பனியனுக்கு வெட்டுகிற மாதிரியே என் கால் நீளத்துக்கு ஓர் அட்டை வெட்டி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்காரரோடு போனார்.

"ஃபியட்ல அட்டை ரெண்டு விரக்கடை இடிச்சுதுங்க," என்றார் ஜமால் பாய், எனக்கு முன்கதவைத் திறந்துவிட்டபடி. "மொதலாளி மறுபேச்சே பேசுலீங்க."

உட்கார்ந்து காலை நீட்டினேன். அதற்கு அப்பாலும் இடம் கிடந்தது. அட்டையை வாங்கிக் காலோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். குதிகாலைத் தாண்டி, ஃபியட்டில் இடித்த அதே இரண்டு விரக்கடை, இரண்டு விரல் அகலம், துருத்தியது.

"ஏனுங்க பாய், இது நீளமா இருக்குதுங்களே?"

அவர் முகம் வெளுத்துப்போனது. "பனியன் தொவைச்சா சுருங்குமுங்களே... கைப்பழக்கத்துல சேத்தி வெட்டிப்போட்டனுங்க."

என் காலை யார் துவைக்கப் போகிறார்கள்? சிரிப்பு வந்தது, பின்னாலேயே கண்ணும் கலங்கியது. துண்டு நூலை விடாத மனிதர், இரண்டு விரக்கடைக்காக இந்த மலையை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். காரைப் பார்த்து வந்த பிரமிப்பு ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

என் வீட்டுக்காரர் மறுபக்கம் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். "காலு பத்துதா அம்மிணி?"

ஜமால் பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"அளவெடுத்தாப்புல இருக்குதுங்க," என்றேன். அட்டையை இரண்டாக மடித்துக் குதிகாலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

குன்னத்தூர் போகும் வழியில், பெருமாநல்லூர் தாண்டும்போது பெட்ரோல் முள் நன்றாக இறங்கியிருந்தது. அவர் முள்ளைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். முன்னால் ஒரு பள்ளம் வர, வண்டியை மெதுவாக, அலுங்காமல் இறக்கி ஏற்றினார்.