கண்ணகை சொன்ன ‘சுகம்’

ஊசி குத்துவதற்குக் கண்ணகை ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவளுக்குப் பயமெல்லாம் இரத்தம் சுத்திகரிக்கிற மிஷின் முடியப்போகிற கடைசி நேரத்தில்தான். கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டு இழுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும் கண் இருட்டும். புருஷன் நல்லரத்தினம் அவளைத் தாங்கிப் பிடித்து, ஊருக்குப் போகிற உன்னிச்சை பஸ்ஸில் ஏற்றுவார். வீட்டுக்கு வந்தால் மறுநாளும் பாயோடுதான்.

கிட்னி பழுதாகிவிட்டது என்று டொக்டர் சொன்ன நாளில்கூட அவள் இப்படி உடைந்துபோகவில்லை. கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வந்தால் மற்ற நாளில் வயலைப் பார்க்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். முதல் சில மாதம் அப்படித்தான் ஓடியது. மாரி முடிந்த கையோடுதான் இந்த இழுவையும் மயக்கமும் வந்து பிடித்துக்கொண்டன.

ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அன்றைக்குக் கட்டில் எல்லாம் நிரம்பிக் கிடந்தது. நர்ஸ் அகீலா மிஸ் நிற்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்.

"தண்ணி கூடக் குடிச்சிருப்பீங்க அக்கா. அளவாக் குடிக்கச் சொன்னதுதானே?" என்றபடியே அடுத்த நோயாளியிடம் போய்விட்டார்.

கொதிக்கிற வெயிலில் வயல் வட்டைக்குள் நின்றாலும் வாயை நனைப்பதோடு நிறுத்திக்கொள்கிறவள் கண்ணகை. அத்தனை பேருக்கு முன்னால் தன்னைக் கள்ளி ஆக்கிவிட்டதுபோல் இருந்தது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும், "சுகம் மிஸ்" என்பதோடு வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு காலையில் நல்லரத்தினம் சேர்ட்டை மாட்டிக்கொண்டு நிற்க, அவள் எழும்பவேயில்லை.

"நான் வரல்ல."

"என்ன விசர்க் கதை இது? பஸ் வரப்போகுது."

"ஒவ்வொரு முறையும் செத்துப் பிழைச்சு வாறதைவிட இஞ்சையே கிடந்திட்டுப் போறன். என்னை விடுங்க."

அவர் கெஞ்சினார், ஏசினார், கடைசியில் வாசலில் போய்த் தனியே உட்கார்ந்துவிட்டார். அந்த முறையும் அடுத்த முறையும் அவள் போகவில்லை. முதல் நாள் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு கால் வீங்கியது. முகம் ஊதியது. நேரே படுக்க முடியவில்லை. படுத்தால் நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறுவதுபோல் மூச்சு முட்டியது. "இஞ்சாருங்க" என்று கூப்பிட்ட சொல்லைக்கூட அவளால் முடிக்க முடியவில்லை. நல்லரத்தினம் அயல்வீட்டு ஓட்டோவில் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

ஒட்சிசன் வைத்து, அவசரமாக மிஷினில் போட்டார்கள். மூச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. அகீலா மிஸ் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனக்கா வராம விட்டீங்க? உயிரே போயிருக்கும்."

கண்ணகை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதில் வந்தது பக்கத்துக் கட்டிலில் இருந்து. ஏறாவூர் ஸஹீதா, அதே நாட்களில் மிஷினுக்கு வருகிறவள், மனதில் பட்டதைச் சொல்லாமல் இருக்கமாட்டாதவள்.

"அவ சொல்லமாட்டா மிஸ், நான் சொல்றன். ஒவ்வொரு முறையும் இவக்குக் கால் இழுக்கிற. கண்ணால தண்ணி ஓடும், சத்தம் வராது. வெளியால போய் மயங்கி விழுந்ததையும் நான் கண்ட. சொன்னா நீங்க ஏசுவீங்க எண்டு பயம்."

அகீலாவின் முகம் மாறிப்போனது. போய் ஒரு ஸ்டூலை இழுத்துவந்து, கண்ணகையின் கட்டிலோடு ஒட்டி உட்கார்ந்தார். இத்தனை மாதத்தில் அவர் உட்கார்ந்து கண்ணகை கண்டதில்லை.

"தண்ணி குடிச்சீங்க எண்டு நான் சொன்னது பிழைதான் அக்கா. கேக்காமலே சொல்லிப்போட்டன். இப்ப சொல்லுங்க, எப்ப தொடங்கினது?"

கண்ணகை முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள். தட்டுத்தடுமாறிச் சொன்னாள். மாரி முடிய. பிரஷர் கிளினிக்கில், பிரஷரைக் குறைக்க விழுங்கச் சொல்லிப் புதுக் குளிசை ஒன்று தந்த பிறகு.

"புதுக் குளிசையா? எங்களுக்குத் தெரியாதே! எப்ப போடுறீங்க?"

"விடியத்தான். அங்க அப்பிடித்தான் சொன்னவங்க. போட்டுட்டுத்தான் பஸ் ஏறுற."

அகீலா டொக்டரைக் கூட்டிவந்தார். சிங்கள டொக்டர், தமிழ் மெல்லத்தான் வரும். அவர் அகீலாவிடம் கேட்காமல் கண்ணகையிடமே கேட்டார். விளங்காத இடத்தில் அகீலா சொல்லிக்கொடுத்தார். பிறகு டொக்டர் அங்கேயே நின்று பிரஷர் கிளினிக் டொக்டருக்குப் போன் எடுத்துக் கதைத்தார். மிஷின் ஒரு பக்கம் பிரஷரை இறக்க, குளிசையும் சேர்ந்து இறக்கியிருக்கிறது. அந்தக் குளிசையைத் தந்த இடத்துக்கு இவள் மயங்குவது தெரியாது. மயங்க வைத்த இடத்துக்குக் குளிசை தெரியாது.

"மிஷின் நாள்ல இந்தக் குளிசை காலைல வேணாம். வீட்ட போய், இரவுக்குப் போடுங்க," என்றார் டொக்டர். "கால் இழுத்தா, உடனே சொல்லணும். ஏச மாட்டம்."

அடுத்த முறை கண்ணகை கடைசி நேரத்துக்காகப் பயந்துகொண்டே காத்திருந்தாள். இழுவை வரவில்லை. அதற்கடுத்த முறை இலேசாக வந்தது. கையைத் தூக்கி, "மிஸ், இழுக்குது!" என்றாள். அகீலா ஓடிவந்து மிஷினைத் தணித்தார், காலை நீவிவிட்டார், நின்றுபோனது. இப்போது மிஷினில் போடுமுன் ஒவ்வொருவரிடமும் நின்று கேட்கிறார்கள், புதுக் குளிசை ஏதும் உண்டா, போன முறை வீட்டுக்குப் போன பிறகு எப்படி இருந்தது என்று. அவசர நாட்களில் மறந்தும் போகிறார்கள். அப்போது ஸஹீதா விடமாட்டாள்.

"எங்கட ரெண்டு பேரையும் கேக்கல்லியே மிஸ்?"

வயலில் வேளாண்மை வெட்டுக்கு முந்தின கிழமை, மிஷினுக்குப் போய்வந்த மறுநாளே கண்ணகை சேலையைக் கட்டிக்கொண்டு தேற்றாத்தீவுக்குப் புறப்பட்டாள். மகன் லக்ஷன் கலியாணம் கட்டிப்போன ஊர் அது. மருமகள் கம்சாயினி பிள்ளை பெற்றிருந்தாள். பேத்தியைப் படத்தில்தான் பார்த்திருந்தாள்.

வாசல் படலையடியில் மாமியைக் கண்டதும் கம்சாயினி திகைத்துப் போனாள்.

"மாமி! நேத்துத்தானே மிஷினுக்குப் போன நீங்க?"

"ஓம், அதுக்கென்ன? முதல்ல புள்ளையத் தா. பிறகு உப்புக் குறைச்சு ஏதும் சமை, எனக்குப் பசிக்குது."