வாசலில் நின்ற பிரசார வண்டி

அன்றைக்கு வெயில் அடித்ததா, தூறல் போட்டதா என்று எனக்கு நிச்சயமில்லை. அங்கே இருந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நர்சம்மாவையே கேட்கலாம், ஆனால் அந்தப் பேச்சை எடுத்தால் அவர் எழுந்து உள்ளே போய்விடுவார், நாம் எழுந்து வந்துவிட வேண்டியதுதான். அதனால் நினைவில் நிற்கிற அளவுக்குச் சொல்கிறேன்.

நர்சம்மா பொது மருத்துவமனையில் பாதி ஆயுளைக் கழித்தவர். சட்டமன்றத் தேர்தலில் நிற்பதற்காக வேலையை விட்டிருந்தார். துண்டறிக்கையில் போட உங்களைப் பற்றி என்ன இருக்கிறது என்று கட்சிப் பொறுப்பாளர் கேட்டபோது, அவருக்கு முதலில் வாயில் வந்தது அண்ணன்தான். அப்பா போன பிறகு சந்தையில் மூட்டை தூக்கித் தங்கையைப் படிக்க வைத்தவர்.

"அது நல்லா எடுபடும்மா. அண்ணனையே வண்டியில ஏத்திப் பேச வச்சிருவோம்" என்றார் பொறுப்பாளர்.

அண்ணனுக்கு மைக் பிடித்துப்போயிற்று. வாழ்நாளில் அவர் பேச்சை நின்று கேட்டவர்கள் யாரும் இல்லை. "சின்ன வயசுல ஊசின்னா என் தங்கச்சி ஊரைக் கூட்டிரும். அதுதான் அப்புறம் ஊருக்கே ஊசி போட்டுச்சு" என்பார். கூட்டம் சிரிக்கும்.

"ஒரே ஜோக்கை எத்தனை தெருவுலண்ணே சொல்லுவ?"

"ஓட்டு விழற வரைக்கும். நீ பாட்டுக்குக் கையை ஆட்டிக்கிட்டு நில்லு."

அன்று மதியம் தையல் கடைகள் இருந்த தெருவில், அந்த ஜோக்கின் நடுவில் அவர் நின்றுபோனார். கூட்டம் சிரிக்கக் காத்திருந்தது. அவர் வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. வலது கை தொங்கியது. நடிக்கிறார் என்று நினைத்துச் சிலர் சிரிக்கவும் செய்தார்கள்.

நர்சம்மாவுக்குக் கண்டதுமே தெரிந்துவிட்டது. மூளைக்கு ரத்தம் போகிற குழாயில் அடைப்பு. உரிய நேரத்துக்குள் ஊசி போட்டால் பேச்சும் கைகாலும் பிழைக்கலாம். நேரம் தாண்டினால் அந்த ஊசியால் பயனில்லை.

"காலையிலேயே கை மரத்துப்போச்சுன்னாரும்மா" என்றார் ஓட்டுநர், முகத்தைப் பார்க்காமல். "உங்ககிட்ட சொன்னா வண்டியில ஏத்த மாட்டீங்களாம். சொல்லாதேன்னுட்டாரு."

நேரத்தைக் காலையிலிருந்தே எண்ண வேண்டும். ஆக, மிஞ்சியிருந்தது கொஞ்ச நேரம்தான். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க நர்சம்மாவுக்கு மனம் வரவில்லை. மருத்துவமனை கூப்பிடு தூரம். "வண்டியை எடு" என்றார்.

வண்டி என்றால் பிரசார வண்டி. இரண்டு பக்கமும் அவருடைய முகம், தலையில் ஒலிபெருக்கி. ஊர்வலத்தில் பின்னால் வந்த வண்டிகளும் கிளம்பின. வழி கிடைக்கட்டும் என்று யாரோ மைக்கை எடுத்து, "நம்ம அண்ணனுக்கு முடியல, வழி விடுங்க!" என்று கத்தினார். கேட்டவர்கள் வழி விடவில்லை. கூடவே ஓடி வந்தார்கள். எல்லாம் பாசம்தான்.

மருத்துவமனை வாசலில் அவர்கள் கண்ணெதிரே இரும்புக் கதவு சாத்தப்பட்டது.

காவலாளி அவரோடு பல வருடம் வேலை பார்த்தவர். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கிட்டத்தட்ட அழுதார். "கொடியோட மைக்கோட கூட்டம் வந்தா திறக்கக் கூடாதும்மா. நீங்க சண்டை போட்டு வாங்கின உத்தரவுதானே."

உண்மைதான். ஒரு தலைவர் பரிவாரத்தோடு நோயாளிகளைப் பார்க்க வந்த நாளில், பிரசவ வலியோடு ஒரு பெண் வாசலிலேயே மாட்டிக்கொண்டாள். அதைப் பார்த்துவிட்டு நர்சம்மா மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டி வாங்கிய உத்தரவு அது. அவருடைய பொதுச் சேவை என்று துண்டறிக்கையில் முதல் வரியாக இருந்ததும் அதுவே.

"அண்ணனை மட்டும் உள்ள விடுங்க. நானே தூக்கிட்டு வர்றேன்."

"விடுறேன்மா. கூட்டத்தை மட்டும் தள்ளிப் போகச் சொல்லுங்க. கொஞ்சம் திறந்தாலும் மொத்தமா நுழைஞ்சிருவாங்க."

நர்சம்மா திரும்பிக் கத்தினார். முன்னால் நின்றவர்கள் நகரப் பார்த்தார்கள். பின்னால் நின்றவர்கள் என்ன ஆயிற்று என்று பார்க்க நெருக்கினார்கள். மூடிய கதவைப் பார்த்த ஒருவர், "சதி! நம்ம அண்ணனை உள்ள விட மாட்டேங்கிறாங்க!" என்றார். அவ்வளவுதான்.

"நர்சம்மா வாழ்க! நர்சம்மா வாழ்க!"

"வண்டி மேல ஏறி ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா, கலைஞ்சிருவாங்க" என்றார் பொறுப்பாளர். ஏறினார். மைக்கைப் பிடித்ததுமே கைதட்டினார்கள்.

"கலைஞ்சு போங்க. உங்க கால்ல விழறேன், போயிருங்க."

"உங்களை விட்டுட்டுப் போக மாட்டோம்!" என்றது ஒரு பெண் குரல். அதற்கும் கைதட்டல்.

அவர் மைக்கை வைத்தார். கீழே இறங்கி, வண்டித் தட்டில் கிடந்த அண்ணனின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அண்ணன் அவரைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார். என்னவென்று புரியவில்லை. புரிந்த மாதிரி நர்சம்மா தலையை ஆட்டினார். சுற்றிலும் அவர் பெயர் முழங்கிக்கொண்டே இருந்தது.

போலீஸ் வந்து கூட்டத்தைப் பிரித்து, கதவு திறந்து, அண்ணனைப் படுக்கையில் போட்டபோது, பார்த்த மருத்துவர் ஊசியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நேரம் தாண்டியிருந்தது.

நர்சம்மா ஜெயித்தார், சட்டமன்றத்துக்குப் போய் வருகிறார். பொறுப்பாளர் இப்போது வேறொரு வேட்பாளருக்கு வேலை செய்கிறார். காவலாளி ஓய்வு பெற்று மகள் வீட்டோடு போய்விட்டார். உத்தரவு அப்படியே இருக்கிறது. அண்ணன் தங்கை வீட்டு முன்னறையில் இருக்கிறார். வலது கையும் பேச்சும் திரும்பவில்லை.