இன்னும் ஒரே ஒரு உதை

தேவமணி டீச்சருக்குச் சனிக்கிழமை பெட்ரோல் வாடையோடுதான் விடியும். காபி குடித்த கையோடு, வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரக் கூரைக்குக் கீழே நிற்கிற ஜாவா மோட்டார் சைக்கிளின் தார்ப்பாயை உருவுவாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிக்கரை உதைப்பாள். நாலு உதையில் கிளம்பினால் அன்றைக்கு நல்ல நாள். ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, பெட்ரோல் குழாயை அடைத்து, உள்ளே இருப்பதைக் குடித்து வண்டி தானாக அணையும்வரை நிற்பாள். அப்புறம் குனிந்து கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் திருகைக் கழற்றி, மிச்சத்தை ஒரு தகர டப்பாவில் பிடிப்பாள்.

எல்லாம் புருஷன் எழுதி வைத்துவிட்டுப் போனபடி. எஸ்றா சரக்குக் கப்பலில் மூன்றாவது எஞ்சினியர். கல்யாணமான வருஷம் கப்பலேறும்போது பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் ஒன்பது வரி எழுதி அடுக்களை ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். இது ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடுகிற வண்டி. ஓட்டாமல் போட்டால் பெட்ரோல் காற்றோடு போய்விடும், ஆயில் மட்டும் தங்கி, ஜெட் என்கிற ஊசிமுனைத் துவாரத்தைக் கோந்து மாதிரி அடைத்துவிடும். அதனால் வாரம் தவறாமல் வடித்துவிட வேண்டும். டாங்கில் பெட்ரோல் நிறைய இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்புக் காற்றுக்கு உள்ளே துரு பிடிக்கும். கடைசி வரியின் அடியில் ரெண்டு கோடு போட்டிருந்தான்: 'மறக்கக் கூடாது.'

அவள் மறக்கவில்லை. முதல் மாதம் கிக்கர் திருப்பி அடித்து முழங்காலுக்குக் கீழே முட்டை அளவுக்கு வீங்கியது. நொண்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போனாள். எத்தனை சோப்பு போட்டுக் கழுவினாலும் விரலிலிருந்து வாடை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் மூக்கைச் சுளித்துத் திரும்பிப் பார்த்தார்கள்.

வண்டி எதற்கு? வேலைக்குப் போகவா, சாமான் வாங்கவா? ஒன்றும் இல்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் எஸ்றா அதை எடுத்துக்கொண்டு குதிரைமொழித் தேரிக்குப் போவான். அங்கே செம்மண் மேடு மேடாகக் கிடக்கும். சக்கரம் புதைகிற அந்த மணலில் ஏறி இறங்கி, உடம்பெல்லாம் சிவப்பாகி, சிரித்துக்கொண்டே வருவான். பத்து மாதம் தண்ணீரில் கிடந்தவனுக்கு அது வேண்டும்தான் என்று கல்யாணமான புதிதில் அவளே சொல்லியிருக்கிறாள். இது ஆறாவது வருஷம்.

போன ஆகஸ்டில் ஒரு நாள், பள்ளிக்கூடத்துக்கு வரும் பேப்பரில் அந்த விளம்பரத்தைப் பார்த்தாள். புதுத் துறைமுகத்து ஒர்க் ஷாப்புக்கு ஃபோர்மேன் தேவை, கப்பல் எஞ்சின் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை. கரை வேலை. சாயந்திரம் வீட்டுக்கு வருகிற வேலை. அன்றைக்கே எஸ்றாவுக்கு நாலு பக்கம் எழுதினாள். ஆறு வாரம் கழித்து, ஏதோ ஒரு தூரத்துத் துறைமுகத்தின் முத்திரையோடு பதில் வந்தது. 'நீ சொல்வதும் யோசிக்க வேண்டியதுதான். வண்டி எப்படி இருக்கிறது? வடிக்கும்போது அடியில் தூசி மாதிரி வந்தால் டாங்கு வடிகட்டியையும் கழுவிவிடு.'

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, விண்ணப்பத்தை அவளே டைப் அடிக்கக் கொடுத்தாள். கையெழுத்துக்காகக் கப்பலுக்கு அனுப்பினாள். கையெழுத்துப் போட்டு அனுப்பினான், அதுவரைக்கும் சரி. அவனுடைய லீவிலேயே நேர்முகத் தேர்வு வருமென்று அவள் எதிர்பார்க்கவில்லை. மார்ச் இருபது, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. எஸ்றா பதினைந்தாம் தேதி வந்து சேர்ந்தான்.

அவன் வருவதற்குப் பத்து நாள் முன்னால் அவனுடைய அண்ணன் ஞானையா வந்து வண்டியைக் கேட்டார். ஆறுமுகநேரி உப்பளத்தில் கங்காணி. "ரெண்டு நாளுதான் தேவமணி. சைக்கிள் செயினு அத்துப் போச்சு. தம்பி ஒண்ணும் சொல்ல மாட்டான்" என்றார்.

"அத்தான், திருப்பிக் கொண்டாரும்போது குழாய அடச்சுட்டு நிறுத்துங்க. பெட்ரோலு போட்டா ஆயிலு கலந்து போடுங்க" என்று மூன்று தரம் சொன்னாள்.

மூன்றாம் நாள் வண்டி வந்தது. குழாய் திறந்தபடி, கார்புரேட்டர் கசிந்தபடி, சக்கரமெல்லாம் உப்புச் சேறோடு. டாங்கு மட்டும் நிறைந்திருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தாள். பெட்ரோல் வாடைக்கு அடியில் வேறொரு வாடை அடித்தது. உப்பளத்தில் தண்ணீர் இறைக்கிற எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய்! விலை ஏறினாலும் ஏறியது, இந்த மனுஷர் பாதியும் மீதியுமாகக் கலந்து ரொப்பி, நல்ல பிள்ளையாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினாள். டாங்கை அவளால் தனியாகத் தூக்கிக் கவிழ்க்க முடியவில்லை.

எஸ்றா வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள். "டாங்குல இருக்கத எல்லாம் கொட்டிருங்க. அத்தான் மண்ணெண்ணெய் கலந்திருக்காக."

அவன் மூடியைத் திறந்து முகர்ந்தான். பன்னிரண்டு வருஷம் எஞ்சின் அறைப் புகையில் இருந்த மூக்கு. "ஒண்ணும் தெரியலையே. ஆயில் வாடையா இருக்கும். இன்னைக்கு விக்கிற வெலையில டாங்கு நெறயக் கெடக்கத யாராவது கொட்டுவாகளா?"

"நான் வாரா வாரம் அதை மோந்துக்கிட்டு நிக்கேன். எனக்குத் தெரியாதா?"

"சரி, ஓட்டிப் பாத்துட்டுக் கொட்டுவோம்."

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் கண் முழித்தபோது அவன் வண்டியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு எங்க கெளம்புதீய?"

"தேரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்திருதேன். வந்து அஞ்சு நாளாச்சு, இன்னும் ஒரு தரம்கூட ஏறல. பன்னெண்டு மணிக்கு வீட்டுல நிப்பேன்."

"இன்னைக்குத்தானா போகணும்?"

"மூணு மணிக்குத்தானம்மா இன்டர்வியூ."

பத்துப் பதினைந்து உதைக்குப் பிறகு வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு வண்டி கிளம்பிப் போனது. அவள் வாசலில் நின்றாள். கத்தியிருக்கலாம். சாவியைப் பிடுங்கியிருக்கலாம். அவன் உதைத்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள் கோலப் பொடியோடு வெளியே வந்துவிட்டதால் ஒன்றும் செய்யவில்லை, உள்ளே போய்விட்டாள்.

அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்தாள். வண்டி இல்லை. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். சாம்பார் ஆறியது. ஒரு மணி, ஒன்றே முக்கால், ரெண்டு. நேராக ஆபீசுக்குப் போயிருப்பானோ என்று ஒரு நினைப்பு வந்தது. சட்டையை மடித்து ஒரு பையில் போட்டு, சர்டிபிகேட் ஃபைலை இடுக்கிக்கொண்டு ஹார்பர் பஸ்ஸில் ஏறினாள்.

ஆபீஸ் வராந்தாவில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஆண்கள். ஒருவன் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தான். மூன்றே காலுக்கு ஒரு கிளார்க் வெளியே வந்து, "எஸ்றா சாமுவேல்" என்று கூப்பிட்டார். அவள் எழுந்து நின்றாள்.

"வந்துக்கிட்டு இருக்காக சார். வழியில வண்டி ரிப்பேர் போல."

கிளார்க் நல்ல மனுஷர். "சரிம்மா, கடைசியில கூப்பிடச் சொல்லுதேன்" என்றார். நாலேகாலுக்கு இன்னொரு தரம் கூப்பிட்டார். நாலே முக்காலுக்கு மூன்றாவது தரம் வந்தபோது கூப்பிடவில்லை, அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். சட்டை மடிப்புக் கலையாமல் பைக்குள் இருந்தது. ஐந்து மணிக்கு அதிகாரிகள் காரில் ஏறிப் போனார்கள். அவள் வராந்தாத் தூணுக்குப் பக்கத்தில் நின்று, கார் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறரைக்கு ஒரு உப்பு லாரி தெருமுனையில் நின்றது. எஸ்றாவும் கிளீனரும் சேர்ந்து வண்டியை இறக்கினார்கள். அவன் தலை முதல் கால்வரை செம்மண். கையெல்லாம் கறுப்பு. வலது கால் பாதத்தில் செருப்பு வார் அறுந்து தொங்கியது.

அவள் ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்ததும்தான் கேட்டாள்.

"எப்ப நின்னுச்சு?"

"ஒம்பது மணி இருக்கும். மேட்டுல ஏறும்போது இழுக்காம, தட்டித் தட்டி நின்னுட்டு. நீ சொன்னது சரிதான். மண்ணெண்ணெய்தான். பிளக்கெல்லாம் கரி."

"அங்கன இருந்து ரோடு எவ்வளவு தூரம்?"

"மூணு மைல்."

"பஸ்ஸு?"

"பதினொண்ணுக்கு ஒண்ணு உண்டு." அவன் தரையைப் பார்த்தான். "ஒண்ணரைக்கும் ஒண்ணு."

"ஒம்பதுல இருந்து என்ன செஞ்சிய?"

"பிளக்கத் தொடச்சேன். கெளம்பல. கார்புரேட்டரக் கழத்தினேன். காத்துல மணல் பறந்து ஜெட்டுக்குள்ள போயிட்டு. ஊதினேன். ஒரு தரம் கெளம்பிச்சு, தேவமணி. அம்பது அடி ஓடிச்சு. மறுபடி நின்னுட்டு."

"வண்டிய அங்கனயே போட்டுட்டு நடக்கணும்னு ஒங்களுக்குத் தோணவே இல்லையா?"

"தோணிச்சு."

"எப்ப?"

"பத்து மணிக்கே." அறுந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். "இன்னும் ஒரே ஒரு உதையில கெளம்பிரும்னு இருந்துச்சு. ஒவ்வொரு உதைக்கும் அப்படித்தான் இருந்துச்சு. கப்பல்ல எஞ்சின் நின்னா விட்டுட்டு எங்க நடந்து போக? சரி பண்ணித்தானே ஆகணும். அதே பழக்கம்."

"அது கடலு. இது மண்ணுல்லா!" என்றாள் அவள். "கால் எடுத்து வச்சா நடக்கலாமே. நான் மூணு மணியில இருந்து அத்தன ஆம்பளைங்களுக்கு நடுவுல ஒங்க சட்டைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒங்க பேரக் கூப்பிட்டப்ப நான் எந்திரிச்சு நின்னேன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் நிற்காமல் அடுக்களைக்குள் போய், ஆறிப்போன சாம்பாரைக் கீழே கொட்டிவிட்டு, கொட்டியதற்காகத் தன் மேலேயே எரிச்சல்பட்டாள்.

மறுநாள் அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஹார்பருக்குப் போனான். தேர்வுப் பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். ஞானையா கேள்விப்பட்டு ஓடி வந்தார். "கொஞ்சமாத்தாம்ல ஊத்தினேன்" என்றார். எஸ்றா அவரைத் திட்டவில்லை. "மண்ணெண்ணெய் வண்டியத்தான் நிறுத்திச்சு அண்ணே. என்னைய நிறுத்தினது நான்தான்" என்றான். அடுக்களைக்குள் நின்ற தேவமணிக்கு அது காதில் விழுந்தது. அதனால் கோபம் குறையும் என்று பார்த்தால், குறையவில்லை. இவ்வளவு தெளிவாகத் தெரிகிற மனுஷன் ஏன் பத்து மணிக்கு நடக்கவில்லை என்று இன்னும் கூடியது.

மிச்சமிருந்த நாட்கள் அப்படியே போயின. பேசிக்கொண்டார்கள், சாப்பிட்டார்கள், நாசரேத்துக்குப் போய் அவளுடைய அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தார்கள். வண்டியைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. கப்பலுக்குக் கிளம்புகிற நாளுக்கு முந்தின நாள் அவனே டாங்கைக் கவிழ்த்துக் கொட்டி, வண்டியை ஒரு மாட்டு வண்டியில் ஏற்றி ஆறுமுகநேரிக்கு அனுப்பிவிட்டான்.

"அண்ணன் சைக்கிள் ஓட்டிக் கஷ்டப்படுதான். வச்சுக்கிடட்டும். நீ இனி அதத் தொட வேண்டாம்."

"இத ஆறு வருஷத்துக்கு முந்தியே சொல்லியிருக்கலாம்" என்றாள்.

ரயிலடியில் கூட்டம். பெட்டியை ஏற்றிவிட்டு இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றான். பம்பாயில் கப்பல், பதினொரு மாதம்.

"இன்னொரு விளம்பரம் வந்தா..." என்று ஆரம்பித்தான்.

"வந்தா வெட்டி அனுப்புதேன். விண்ணப்பத்த நீங்கதான் எழுதணும். அதையும் நான் எழுத மாட்டேன்."

"எழுதுதேன்."

"இன்டர்வியூ எந்தத் தேதியோ, அதுக்குத் தக்கன லீவும் நீங்கதான் கேட்டு வாங்கணும்."

"வாங்குதேன் தேவமணி."

சொன்னதை நம்பலாமா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். உண்மையாகத்தான் சொல்கிறான். தேரிக்குக் கிளம்பும்போது பன்னிரண்டு மணிக்கு வீட்டில் நிற்பேன் என்றானே, அதையும் உண்மையாகத்தான் சொன்னான். கார்டு விசில் ஊதினார். அவன் ஓடி ஏறிக் கையை ஆட்டினான். அவளும் ஆட்டினாள்.

பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு வருஷப் பரீட்சை ஆரம்பம். பத்து மணிக்கு அவள் ஹாலில் இருக்க வேண்டும். ரயிலடிக்கு வெளியே வந்தபோது பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. "நிறுத்துங்க அண்ணாச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டே, செருப்பு தேய ஓடி அதில் ஏறிக்கொண்டாள்.