மூப்பரின் குரல்

கட்டுகஸ்தோட்டை மாதா கோயிலுக்குச் சாமியார் மாதத்துக்கு ஒருதரம்தான் வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் நடத்தும் மூப்பர் வேலையை எழுத்து வாசனையே இல்லாத சவரிமுத்துவுக்குக் கொடுத்திருந்தார். "தலைமை ஆம்பிளைக்குத்தான். வேதத்திலே அர்ச்சியசிஷ்ட சின்னப்பரே எழுதியிருக்கார்" என்றார். சின்னப்பர் எழுதியதை வாசிக்க மட்டும் சவரிமுத்துவின் மனைவி மதலேனம்மாள் வேண்டியிருந்தது. அவள் அவனுக்குப் பின்னால் முட்டிபோட்டு, புத்தகத்தைப் பார்த்து முணுமுணுப்பாள். அவன் அதை முழங்குவான். சனம் திருப்பிச் சொல்லும். ஒன்பது வருஷமாக இதே பாடு.

ஒரு சனிக்கிழமை பட்டு விற்க வந்த சீனனின் மூட்டைத் துணியில் ஒரு வட்டம் இருந்தது, பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக.

"கறுப்பு பொம்பளை, வெள்ளை ஆம்பிளை" என்றான் சீனன்.

"இதிலே எது மேலே?" என்று கேட்டாள் மதலேனம்மாள்.

அவன் துணியைத் திருப்பிக் காட்டினான். "சுத்திக்கிட்டே இருக்கும், அம்மா."

"எங்க வீட்டிலே சுத்தலையே" என்றாள் அலுப்போடு.

மறுநாள் செபத்தின் நடுவே அவளுக்கு முழங்கால் விண்ணென்று தெறித்தது. "இனி என்னால ஏலாது, ஆண்டவரே" என்று தன்னை மறந்து முனகிவிட்டாள்.

சவரிமுத்து கைகளை விரித்து அதையும் முழங்கினான்.

ஆண்கள் பக்கம் திகைத்து நின்றது. பெண்கள் பக்கம் மட்டும், ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னது.