பெடல் தரையைத் தொட்ட காலை

பிரிஸ்கில்லா அந்த வண்டியின் பிரேக்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். முதலில் கீச்சென்று ஒரு சத்தம், முன் சக்கரத்துக்குள் யாரோ உட்கார்ந்து தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி. பிறகு வேகத்தில் மிதித்தால் ஸ்டியரிங் உதறியது. அப்புறம் வண்டி இடப்பக்கமாக இழுக்கத் தொடங்கியது. கடைசியாக வந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போயிற்று. இரண்டாம் தடவை அமுக்கினால்தான் பிடித்தது.

ஒவ்வொன்றுக்கும் அவள் கணவன் பிராங்கிளினிடம் பதில் இருந்தது. "பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்." "ரோடு அப்படி." "டயர்ல காத்து கம்மியா இருக்கும்." பெடலுக்கு மட்டும் சிரித்தான். "நீ மிதிக்கிற லட்சணம் அது. பட்டும் படாம மிதிச்சா எப்படிப் பிடிக்கும்?"

சின்ன எஸ்யூவி, வெள்ளை நிறம், ஏற்கெனவே இரண்டு கை மாறியது. பிராங்கிளினின் சிநேகிதன் ஜெரின் பார்த்து முடித்துக் கொடுத்தான். அதில் குறை சொன்னால் ஜெரினைக் குறை சொன்ன மாதிரி பிராங்கிளினுக்கு முகம் சுண்டிப் போகும். ஆனால் ஓட்டுவதென்னவோ அவள்தான். திண்டுக்கல்லில் இருந்து சித்தையன்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் ஓட்டிப்போய்ப் பாடம் நடத்திவிட்டு வருகிறவள். நூல் மில்லில் சூப்பர்வைசராக இருக்கிற பிராங்கிளினுக்கு லைசென்ஸ் இருந்தும் கூட்டமான ரோட்டில் கை நடுங்கும். அதனால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறபோது ஒரு வழக்கம் வைத்திருந்தான். ஊர் வருவதற்குச் சற்று முன்னால் வண்டியை ஓரங்கட்டச் சொல்வான். இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். வாசலில் அவன்தான் ஓட்டிவந்து இறங்குவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிலக்கோட்டையில் அவனுடைய அக்கா ஜெயமேரியின் மகளுக்கு நிச்சயதார்த்தம். காலைப் பூசை முடிந்ததும் கிளம்பினார்கள். மறுநாள் தானே வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது என்று பிரிஸ்கில்லா மனதுக்குள் முடிவெடுத்திருந்தாள். செம்பட்டி தாண்டி நிலக்கோட்டை ரோட்டில் திரும்பினார்கள். இருபுறமும் மல்லிகைத் தோட்டங்கள், பறித்து முடித்து வரப்பில் நிற்கிற பெண்கள்.

"அந்தப் பெட்ரோல் பங்க் வந்ததும் நிப்பாட்டு. நான் எடுத்துக்கிறேன்" என்றான் பிராங்கிளின், சட்டைக் காலரை நீவிக்கொண்டே.

பங்க் வரவில்லை. அதற்கு முன்பே ஒரு சின்ன ஊர் வந்தது. ரோட்டோரம் பூ ஏற்றுகிற வேன் ஒன்று நின்றது. அதைச் சுற்றிப் பத்து இருபது பேர். பிரிஸ்கில்லா பிரேக்கை மிதித்தாள். பெடல் எந்தத் தடையும் இல்லாமல் இறங்கித் தரையைத் தொட்டது. மறுபடி மிதித்தாள், தரை. மறுபடியும் தரை.

"பிரேக் இல்லைங்க!"

"நல்லா மிதி!"

கியரைக் குறைத்தாள். ஹாரனை விடாமல் அடித்தாள். கைப்பிரேக்கை இழுத்ததும் வண்டியின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு திரும்பியது. அந்த நேரத்தில்தான் சந்துக்குள்ளிருந்து ஒரு மொபட் வெளியே வந்தது, முன்னால் பூ மூட்டையும் பின்னால் பூ மூட்டையுமாக. ஓட்டிவந்தவர் தலையைத் திருப்பியதை அவள் பார்த்தாள். அவர் வாய் திறந்ததையும் பார்த்தாள். இடித்த சத்தத்தைவிட, பம்பருக்கும் மொபட்டுக்கும் நடுவில் அவர் கால் ஒடிந்த சத்தம் அவளுக்குத் தனியாகக் கேட்டது. வண்டி இன்னும் கொஞ்சதூரம் அவரை இழுத்துப்போய் ஒரு மண்மேட்டில் மோதி நின்றது. பேனட்டின் மேலெல்லாம் மல்லிகை மொட்டு.

பிராங்கிளின் இறங்கிச் சுற்றி ஓடிவந்தான். உறைந்துபோய் உட்கார்ந்திருந்தவளின் பெல்ட்டைக் கழற்றிக் கையைப் பிடித்து இழுத்து ரோட்டோரம் உட்காரவைத்தான். எஞ்சின் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. திரும்ப ஓடி, டிரைவர் பக்கக் கதவு வழியாக உள்ளே குனிந்து, எஞ்சினை நிறுத்திச் சாவியை உருவினான். சாவியோடு நிமிர்ந்தபோது கூட்டம் அவன் முன்னால் நின்றது.

"நீதானடா ஓட்டுன?"

பிராங்கிளின் ஒருமுறை பிரிஸ்கில்லா பக்கம் பார்த்தான். இல்லை என்று அவன் சொல்லவில்லை.

முதல் அறை காதோடு சேர்த்து விழுந்தது. அடித்தவன் சடையாண்டி, இடிபட்டுக் கிடந்த மொக்கைச்சாமியின் தம்பி. அடுத்தது மூக்கில். பிராங்கிளின் கையை உயர்த்தியதும் பின்னாலிருந்து ஒருவன் ஹெல்மெட்டால் பிடரியில் அடித்தான். முழங்கால் மடங்கி விழுந்தவனைச் செருப்புக் கால்கள் மிதித்தன. நிச்சயத்துக்கென்று எடுத்த வெள்ளைச் சட்டை தோளிலிருந்து கிழிந்து தொங்கியது. யார் என்ன என்றே தெரியாமல், பஸ்ஸுக்குக் காத்திருந்தவன்கூட ஓடிவந்து ஒரு உதை விட்டுவிட்டுப் போனான்.

பிரிஸ்கில்லா எழுந்து நின்றாள். நான்தான் ஓட்டினேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. ஒரு மாதமாகக் கேட்ட சிரிப்பு அவள் காதில் இருந்தது. நீ மிதிக்கிற லட்சணம். அடி வாங்கட்டும் என்று உள்ளே ஒன்று சொன்னது. அவன் உதடு கிழிந்து பல் ஒன்று ரத்தத்தோடு வெளியே வந்து விழுந்ததை அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

அப்போது ஒருவன் வேனுக்குள்ளிருந்து ஜாக்கி ராடை எடுத்துவந்தான்.

அதைக் கண்டதும் அவள், "அவரில்லை! நான்தான் ஓட்டுனேன்! விடுங்கடா!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தாள்.

"அங்கிட்டுப் போம்மா. புருசனைக் காப்பாத்தப் பொய் சொல்லாத" என்று யாரோ தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். அவள் மறுபடி உள்ளே புகுந்து பிராங்கிளின் மேல் கவிழ்ந்தாள். ஓங்கிய ராடு நிற்கவில்லை. அவள் முன்னங்கையில் இறங்கியது. வலி தோள் வரை ஏறிக் கண் இருட்டியது. பொம்பளை மேல் பட்டுவிட்டதே என்று கூட்டம் ஒரு நொடி தயங்கியது. அந்த ஒரு நொடியில் அவள் எழுந்து, தொங்குகிற கையோடு வண்டிக்குள் ஏறி, நல்ல கையால் ஹாரனை அமுக்கிப் பிடித்தாள். விடவே இல்லை. அந்தச் சத்தத்தில் எல்லாரும் அடிப்பதை விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

"இங்க பாருங்க! நான் உக்காந்த சீட்டு இது, என் செருப்பு இங்கதான் கெடக்கு! பெடலை அமுக்கிப் பாருங்க! பிரேக்கே இல்ல! அடிக்கணும்னா என்னைய அடிங்க!" அவள் தொண்டை கிழிந்தது. "இம்புட்டுப் பேரு இருக்கீங்களே, அங்க ஒரு மனுசன் கெடக்காரே, அவரை ஒருத்தனாவது தூக்குனீங்களா?"

சடையாண்டி வந்து அவள் கன்னத்தில் அறைந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இன்னொரு தடவை கை ஓங்கியவனைப் பூப்பறிக்கிற பெண் ஒருத்தி இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "ஏலே, உங்கண்ணனைப் பாருடா! ரத்தம் ஆறா ஓடுது!"

வேன் டிரைவர் குனிந்து பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தான். அது சத்தமில்லாமல் தரைக்குப் போய் அங்கேயே கிடந்தது. முன் சக்கரத்துக்கு உட்புறம் எண்ணெய் வழிந்து மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது. "பிரேக் ஆயில் பூரா போயிருச்சுடா. யாரு ஓட்டியிருந்தாலும் நின்னுருக்காது" என்றான்.

அதற்குப் பிறகுதான் மொக்கைச்சாமியைத் தூக்கினார்கள். பூ மூட்டைகளை இறக்கி எறிந்துவிட்டு வேனில் அவரைக் கிடத்தினார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. அதே வேனில் பிராங்கிளினையும் ஏற்றினார்கள். அடித்தவர்களில் இரண்டு பேர்தான் அவனைக் கைத்தாங்கலாகப் பிடித்து ஏற்றியவர்கள்.

திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் பிராங்கிளினுக்கு உதட்டிலும் பிடரியிலும் தையல் போட்டார்கள். பிரிஸ்கில்லாவின் கைக்கு மாவுக்கட்டு. வாக்குமூலம் வாங்க வந்த ஏட்டையாவிடம் பிராங்கிளின் வீங்கிய வாயால், "நான்தான் சார் ஓட்டுனேன்" என்றான்.

"இல்ல சார், நான் ஓட்டுனேன். எழுதிக்கோங்க" என்றாள் அவள்.

ஏட்டையா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவள் சொன்னதை எழுதினார்.

சாயங்காலம் ஜெரின் பதறிக்கொண்டு வந்தான். அவனைக் கண்டதும் பிரிஸ்கில்லாவுக்குப் பொங்கியது. "நல்ல வண்டி பார்த்துக் குடுத்தீங்கண்ணே. ஒரு மனுசன் காலை ஒடிச்சிருச்சு."

ஜெரின் முகம் மாறியது. "என்னம்மா இப்படிச் சொல்ற? வண்டி எடுத்த அன்னைக்கே சொன்னேனே. பிரேக் பேடு தேஞ்சிருக்கு, முன் வீல்ல லேசா ஆயில் கசியுது, மாத்தாம ஓட்டாதீங்கன்னு. மாப்ள, நான் சொல்லல?"

பிராங்கிளின் தரையைப் பார்த்தான்.

பிரிஸ்கில்லாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பிராங்கிளின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"அப்புறம் பார்த்துக்கலாம்னு..." என்றான். "வாங்குன உடனே செலவு வச்சா நீ என்ன சொல்லுவியோன்னு. பெறகு நீயே சொன்னப்ப, ஆமான்னு ஒத்துக்க வாய் வரல."

அவள் நல்ல கையை ஓங்கினாள். எங்கே அடிப்பது என்று பார்த்தாள். ஒரு கண் மூடிக் கிடந்தது, கன்னம் ஊதிக் கருத்திருந்தது, உதட்டில் நூல் நீட்டிக்கொண்டு நின்றது. அடிபடாத இடமே அந்த முகத்தில் இல்லை. இருந்தும் அடித்தாள். தையலுக்குப் பக்கத்தில் பட்டு ரத்தம் துளிர்த்தது. வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெரின், "ஐயோ, விடும்மா" என்று நடுவில் வந்தான்.

"என்னைய ஓட்டவிட்டீங்களே. தெரிஞ்சுக்கிட்டே தினமும் என்னைய ஓட்டவிட்டீங்களே" என்றாள். செத்த நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "எந்திரிங்க. அந்த அண்ணன்கிட்ட வந்து இதை உங்க வாயால சொல்லுங்க" என்றாள்.

மொக்கைச்சாமி மயக்கம் தெளிந்து படுத்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் மனைவியும் சடையாண்டியும். பிராங்கிளின் நொண்டிக்கொண்டே போய்க் கட்டிலின் கால்மாட்டில் நின்றான்.

"பிரேக் போகும்னு எனக்கு முன்னாடியே தெரியும்ணே. இவளுக்குத் தெரியாது. இவ சொல்லச் சொல்ல நான்தான் கேக்கல."

அவர் மனைவி கையில் இருந்த தண்ணீர் டம்ளரைத் தூக்கி அவன் மேல் எறிந்தாள். அது மார்பில் பட்டு உருண்டது. சடையாண்டி எழுந்து அவன் சட்டையை, கிழியாமல் மிச்சமிருந்த பக்கத்தில், கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சாய்த்தான். பிராங்கிளின் கையைத் தூக்கவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டான். இந்தத் தடவை பிரிஸ்கில்லா குறுக்கே போகவில்லை.

"ஏலே சடையா, விடுறா" என்றார் மொக்கைச்சாமி, மூச்சை இழுத்து இழுத்து. "காலு உசிர் போற மாதிரி வலிக்குது. சண்டையை வெளியில போயிப் போடுங்க."

சடையாண்டியின் கை தானாகத் தளர்ந்தது. அவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

வெளியே வேப்பமரத்தடியில் இருவரும் உட்கார்ந்தார்கள். பிறகு அவள் கேட்டாள். "கூட்டம் கேட்டப்ப நான் ஓட்டலன்னு நீங்க ஏன் சொல்லல?"

"யோசிக்கல. உன்னைய இழுத்துப் போட்டா என்ன பண்ணுவானுங்களோன்னு மட்டும் தோணுச்சு." பிராங்கிளின் உதட்டைத் துடைத்துக்கொண்டான். "நீ செத்த நேரம் சும்மா நின்ன. பார்த்தேன்."

"ஆமா. நின்னேன்" என்றாள் அவள்.

மொக்கைச்சாமிக்குக் காலில் பிளேட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார், ஆனால் வெகுநாள் பூக்காட்டுப் பக்கம் போக முடியவில்லை. வழக்கு நடக்கிறது, பிரிஸ்கில்லாவும் பிராங்கிளினும் வாய்தாவுக்குச் சேர்ந்தேதான் போகிறார்கள். அந்த வண்டியை அவர்கள் திரும்ப எடுக்கவில்லை. மில்லில் லீவு கிடைக்கிற நாளில் பிராங்கிளின் விடியும்போதே பைக்கில் கிளம்பி மொக்கைச்சாமியின் தோட்டத்துக்குப் போவான். யாரும் அவனை வரச் சொல்லவில்லை. முதல் நாள் சடையாண்டி அவனை விரட்டினான். இரண்டாம் நாள் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் தடவை போனபோது சடையாண்டியே, கட்டி வைத்திருந்த பூ மூட்டையைத் தூக்கி வந்து பைக்கின் பின்னால் தடாலென்று போட்டுக் கயிற்றை இறுக்கிக் கட்டினான். சந்தையில் எந்தக் கடையில் இறக்க வேண்டும் என்பதை மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்.