மாத்திரைக்குள் பச்சைப் பொடி

பேருந்து பாலத்தின் ஏற்றத்தில் பாதி ஏறியிருந்தபோது ஸ்டியரிங் பிடித்திருந்த அவள் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் விரல்கள், பிறகு முழங்கை வரை. தலைக்குள் யாரோ மின்கம்பியைத் தொட்டுத் தொட்டு எடுப்பதுபோல் சுரீர் சுரீரென்றது. எதிரே சாலை ஒருபக்கமாகச் சாய்ந்தது. எப்படியோ வண்டியை ஓரங்கட்டி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டாள். அதற்குமேல் அவளால் ஒன்றும் முடியவில்லை.

“என்னம்மா, நடுப்பாலத்துல நிறுத்திட்ட? வேலைக்குப் போக வேணாமா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

“பொம்பளை கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்” என்றார் இன்னொருவர்.

இதற்கெல்லாம் சுடச்சுடப் பதில் வைத்திருப்பவள் அவள். அன்று அவர்கள் பக்கம் திரும்பவில்லை. டிப்போவுக்குப் போன் போட்டு, “மாத்து டிரைவர அனுப்புங்க. என்னால முடியல” என்று மட்டும் சொன்னாள்.

ஓட்டுவதில் அவள் கெட்டிக்காரி. போன வருடம் ஒரு சைக்கிள்காரர் மழைச் சகதியில் வழுக்கி அவள் வண்டியின் முன்சக்கரத்தருகே விழுந்தார். அவள் பிரேக் போட்ட வேகத்தில் கால் முறிந்ததோடு தப்பித்தார். அவள் மேல் தவறே இல்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். ஆனால் அது அவள் நெஞ்சுக்கு எட்டவில்லை. ஸ்டியரிங்கைத் தொட்டாலே படபடவென்று அடித்துக்கொண்டது. மருத்துவரம்மா கேப்சூல் எழுதிக் கொடுத்தார். மெல்ல மெல்லப் பயம் வடிந்தது. மறுபடியும் வண்டி ஏறினாள்.

கணவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். கண்ணுக்கே தெரியாத திருகாணியையும் பிடித்து மாட்டிவிடும் கை அவனுக்கு. நல்ல மனுஷன்தான். ஆனால் அந்தக் கேப்சூல் டப்பாவைக் கண்டால் மட்டும் முகம் சுருங்கிவிடும். “எம் பொண்டாட்டி மனநோய்க்கு மருந்து சாப்பிடுறான்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?” என்பான். பச்சிலை வைத்தியத்தில் கரை கண்டவள் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் அக்கா ஒருத்தி அவனுக்கு இருந்தாள். வல்லாரை, அமுக்கரா, சாமந்திப்பூ என்று பொட்டலம் பொட்டலமாகக் கொடுத்தனுப்பினாள்.

அவளும் வேண்டாமென்று சொல்லவில்லை. சாமந்திப்பூ போட்டுக் கொதித்த நீரை மாலையில் குடித்தால் உடம்பு இளகியது, தூக்கமும் வந்தது. மருத்துவரிடம் சொன்னபோது, “பூத்தண்ணி குடிங்க, தப்பில்ல. வேற எது எடுத்தாலும் முதல்ல எங்கிட்டக் கேளுங்க. கேப்சூல மட்டும் பட்டுன்னு நிறுத்திடாதீங்க, உடம்பு தாங்காது” என்றார். வீட்டுக்கு வந்து அதைக் கணவனிடம் அப்படியே ஒப்பித்தாள். அவனும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினான்.

கொஞ்ச நாளாகத்தான் மறுபடியும் தலைசுற்றல், காரணமே இல்லாத அழுகை. பழைய பேய் திரும்பி வந்துவிட்டது என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். “ஒண்ணுமில்ல, உடம்புல உள்ள கழிவு வெளியேறுது. பொறுத்துக்க” என்றான் அவன். எந்தக் கழிவு என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

மாற்று டிரைவர் வந்ததும் பாலத்திலிருந்து நேரே வீட்டுக்குப் போனாள். காலையில் கேப்சூல் போட்டோமா இல்லையா என்று சந்தேகம். ஒன்றை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நடுங்கிய விரல்களுக்கிடையில் அது பிதுங்கி இரண்டாகப் பிரிந்தது. உள்ளே இருக்க வேண்டிய வெள்ளை மணிகள் கொட்டவில்லை. பச்சைப் பொடி கொட்டியது. நாக்கில் தொட்டு வைத்தாள். பச்சிலைக் கசப்பு. அடுத்ததைப் பிரித்தாள். அதற்கடுத்ததையும் பிரித்தாள். எல்லாம் பச்சை.

கை தவறி நடக்கிற காரியமா இது? ஒவ்வொன்றாகக் கழற்றி, மருந்தைக் கொட்டிவிட்டு, பொடியை அடைத்து, திருகாணி மாட்டுகிற அதே கையால் விளிம்பு நசுங்காமல் மூடியிருக்கிறான். எவ்வளவு பொறுமை! அந்தப் பொறுமையை நினைக்க நினைக்கத்தான் அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

கணவனின் கடையில் ஒரு பெண்மணி கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நேராகப் போய் டப்பாவை மேசைமேல் கவிழ்த்தாள்.

“இது என்னங்க?”

அவன் முகம் வெளுத்தது. “வீட்டுக்குப் போய்ப் பேசலாமே.”

“இங்கயே பேசலாம். என்ன இது?”

“உன் நல்லதுக்குத்தான். காலம் பூரா அந்த ரசாயனத்த முழுங்க முடியுமா? இயற்கையா குணமாகட்டுமேன்னு பாத்தேன். சொன்னா நீ ஒத்துக்க மாட்ட.”

“ஒத்துக்க மாட்டேன்னு தெரிஞ்சேதான் பண்ணினியா?”

கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் ஒருமையில் பேசியதில்லை. மரியாதை தானாக உதிர்ந்து விழுந்தது. அதைப் பொறுக்கி எடுக்க அவள் குனியவில்லை.

“வண்டி நிறைய ஆளுங்க. எனக்குப் பின் சீட்டுல ஒரு பொண்ணு கைக்குழந்தையோட உக்காந்திருந்தா. வண்டி ஆத்துக்குள்ள போயிருந்தா? அந்தக் குழந்தையோட அப்பன்கிட்டப் போயி, இயற்கையா செத்துச்சுன்னு சொல்லியிருப்பியா?”

“இவ்வளவு தூரம் போகும்னு எனக்குத் தெரியாது. அக்காதான்...”

“அக்கா பொடி குடுத்தாங்க. அடைச்சது யாரு? பச்சிலை மேல எனக்கென்ன பகையா? ஒரு வார்த்த கேட்டிருந்தா ரெண்டு பேரும் டாக்டரம்மாவப் போய்ப் பாத்திருக்கலாம். என் வாய்க்குள்ள போறத எனக்குத் தெரியாம மாத்த நீ யாரு?”

பெண்மணி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

“கடைய மூடு. டிப்போவுக்கு வா” என்றாள் அவள்.

அவன் கெஞ்சிப் பார்த்தான். அவள் அசையவில்லை. பழைய பயம் திரும்பிவிட்டது, இனி இவளுக்கு வண்டி கொடுக்கக்கூடாது என்று இந்நேரம் டிப்போவில் பேச ஆரம்பித்திருப்பார்கள். அவன் செய்த வேலைக்கு அவள் ஓட்டுநர் சீட்டை இழப்பதா?

டிப்போ மேலாளர் முதலில் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, நெளிந்தார். “குடும்ப விஷயம்மா. வீட்டோட பேசித் தீத்துக்குங்களேன்.”

“பாலத்துல நின்னது குடும்பமா சார்? உங்க பஸ்ஸு. உள்ள இருந்தது உங்க பயணிங்க” என்றவள் கணவன் பக்கம் திரும்பினாள். “சொல்லு.”

அவன் தரையைப் பார்த்து முணுமுணுத்தான்.

“அவருக்குக் கேக்கல. சத்தமாச் சொல்லு.”

சொன்னான். கழற்றியது, கொட்டியது, அடைத்தது எல்லாவற்றையும் சொன்னான். பக்கத்து அறையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஓட்டுநர்கள் டம்ளரோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். மேலாளர் பேனாவை எடுத்தார்.

மருத்துவரம்மா அவளைவிட அதிகமாகக் கொதித்தார். குறைந்த அளவிலிருந்து மருந்தை மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. உடம்பு பழையபடி ஆகும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று உத்தரவு. பயணச்சீட்டுக் கவுண்டரில் அவளை உட்கார வைத்தார்கள். நாள் முழுக்க வண்டிகள் கிளம்பிப் போவதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் சமாதானம் பேச வந்தாள். “உம்மேல உள்ள பாசத்துலதானே பண்ணினான். இதப் போயி ஊரறியச் செய்யணுமா?”

“பாசம் இருக்கிறவனுக்கு வாய் இல்லையா அண்ணி? இனிமே இந்த வீட்டுக்குப் பொட்டலம் எதுவும் வர வேணாம். நீங்க வாங்க, சாப்பிட்டுப் போங்க. பொட்டலம் மட்டும் வேணாம்.”

நாத்தனார் சாப்பிடாமலே போய்விட்டாள்.

மருத்துவர் சான்று கொடுத்த பிறகு அவளுக்கு மறுபடி வண்டி கிடைத்தது. முதல் நாள் காலையில் அவள் சீருடைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது அவன் கதவோரம் வந்து நின்றான். “இன்னும் எம்மேல கோவமா?”

“ஆமா.”

“எப்பதான் தீரும்?”

“தெரியல. என்கிட்டக் கேட்டுட்டே இரு” என்று சொல்லிவிட்டு, அவள் படியிறங்கி வேலைக்குப் போனாள்.