மூன்றாவது லேட்

ஏழே முக்காலுக்கே சின்னப்பிள்ளை மெஷின் முன்னால் வந்து நின்றுவிட்டாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, நெற்றி தெரிய முடியை ஒதுக்கி, கண்ணாடியைப் பார்ப்பது போல அதைப் பார்த்தாள். திரையில் அவள் முகம் தெரிந்தது. முகத்தின் மேல் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்னக்கா, எடுக்கலையா?" என்றாள் பின்னால் நின்ற பரிமளா.

"எடுக்க மாட்டேங்குது. நீ வேணா நின்னு பாரு."

பரிமளாவுக்கும் வட்டம்தான் சுற்றியது. ஆலங்குடிக்கு வெளியே கறம்பக்குடி ரோட்டில் இருக்கும் அந்த முந்திரிக் கம்பெனியில் வேலை எட்டு மணிக்கு. எட்டு பத்து வரை பொறுப்பார்கள், அதற்கு மேல் வந்தால் லேட். முதலில் விரல் வைக்கும் மெஷின்தான் வைத்தார்கள். கொட்டை உடைக்கிறவர்களின் விரலில் ரேகை எங்கே இருக்கிறது? ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டுப் பட்டுத் தோல் வெந்து உரிந்து, பத்து விரலும் ஒன்றுபோல் கறுத்திருக்கும். அந்த மெஷின் ஒருத்தியையும் அடையாளம் காணவில்லை. அதற்குப் பிறகுதான் முகம் பார்க்கும் மெஷின் வந்தது.

மாதத்தில் மூன்று லேட் ஆனால் பெயர் தானாக நீங்கிவிடும். திரும்பச் சேர வேண்டுமானால் புதிய ஆளாகத்தான் சேர வேண்டும். புதிய ஆட்களை நாற்பத்தைந்து வயதுக்குள்தான் எடுப்பார்கள். சின்னப்பிள்ளைக்கு ஐம்பத்து மூன்று. இந்த மாதம் அவளுக்கு ஏற்கெனவே இரண்டு லேட் விழுந்திருந்தது. ஒன்று பஸ் பஞ்சரானதால், இன்னொன்று புருஷன் இருளாண்டியை ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார வைத்துவிட்டு வந்ததால். அதனால்தான் ஒரு வாரமாக முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துகொண்டிருந்தாள்.

"கார்த்திகா, இங்கிட்டு வந்து பாரு ஆயி. மெஷினு மக்கர் பண்ணுது."

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் கார்த்திகா ஆபீஸ் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் நெட் நன்றாகத்தான் வந்தது. வழக்கத்தைவிட வேகமாகவே வந்தது.

நெட் இருந்தால்தான் மெஷின் முகத்தை அடையாளம் காணும். ஆனால் கேட்டில் இருக்கும் அதற்கென்று தனி நெட் கிடையாது. நாலு மாதத்துக்கு முன் அவள் ஒரு ரூட்டர் கேட்டபோது, முதலாளி குணசேகரன், "இருக்கறத வச்சு ஓட்டும்மா" என்று சொல்லிவிட்டார். இருந்தது கம்ப்யூட்டரில் செருகிய கட்டைவிரல் அளவு அடாப்டர் ஒன்றுதான். பின்கட்டில் இருந்த முதலாளி வீட்டு வைஃபையை அது வாங்கியது. அதே அடாப்டரை ஹாட்ஸ்பாட்டாகவும் வைத்து, வாங்கிய நெட்டைக் கேட்டுக்கு அனுப்ப வைத்தாள் கார்த்திகா. ஒன்றே இரண்டு வேலையும் பார்த்தது. சூப்பர்வைசர் கண்ணுசாமி, "படிச்ச புள்ளைன்னா சும்மாவா" என்று ஊரெல்லாம் சொன்னார்.

அடாப்டரைப் பிடுங்கிச் செருகினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். மணி எட்டு. வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போயிருந்தது. முப்பத்தோரு பெண்கள், எல்லோரும் நேரத்துக்கு வந்தவர்கள். முதலாளி மகன் ரகுநாத்துக்குப் போன் போட்டாள். மூன்றாவது தடவைதான் எடுத்தான்.

"வீட்டு வைஃபைல எதுவும் மாத்துனீங்களா சார்?"

"ஆமா, நேத்து சாயங்காலம். ஃபைவ் ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் வச்சுட்டேன். பேரு, பாஸ்வேர்டு எல்லாம் பழசுதான். இப்ப ஸ்பீடா வரும் பாருங்க."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அடாப்டர் எந்த அலைவரிசையில் நெட்டை வாங்குகிறதோ, அதே அலைவரிசையில்தான் வெளியே கொடுக்கும். வாங்க ஒன்று, கொடுக்க ஒன்று என்று அதனால் பிரிந்து நிற்க முடியாது. ஃபைவ் ஜிகாஹெர்ட்ஸ் என்ற இந்தப் புது அலைவரிசை மெஷினுக்குப் பிடிபடாது.

"பழையபடி கொஞ்சம் மாத்தி விடுங்க சார். லேடீஸ் எல்லாம் நிக்கிறாங்க."

"வெளிய இருக்கேங்க. பத்து மணிக்கு வாரேன்."

கண்ணுசாமி நோட்டுடன் வந்தார். மெஷின் வேலை செய்யாவிட்டால் சூப்பர்வைசர் கையால் எழுதிக்கொள்ளலாம், அதற்கு விதி உண்டு. "எட்டரை வரைக்கும் பாப்போம். வரலைன்னா வந்தபடி எழுதிக்கிறேன். ஒருத்தரும் பயப்பட வேணாம்" என்றார். சின்னப்பிள்ளை வரிசையின் தலையிலிருந்து நகரவில்லை.

எட்டு இருபத்து நாலுக்குக் கார்த்திகாவுக்கு அது தோன்றியது. தன் போனில் பழைய அலைவரிசையிலேயே ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, கம்ப்யூட்டர் கொடுத்துவந்த நெட்டின் அதே பெயரையும் அதே பாஸ்வேர்டையும் வைத்தாள். மெஷினுக்குப் பெயர்தான் தெரியும், கொடுப்பது யார் என்று தெரியாது. போனை மெஷினின் தலையில் வைத்தாள். வட்டம் நின்றது. சின்னப்பிள்ளையின் முகத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு விழுந்தது.

"யாத்தா, எடுத்திருச்சு!" என்று சின்னப்பிள்ளை கார்த்திகாவின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் நெட்டி முறித்தாள். வரிசை மளமளவென்று உள்ளே போனது. கார்த்திகாவுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கண்ணுசாமி நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஆபீசுக்கு வந்து அன்றைய பட்டியலைத் திறந்தபோதுதான் பார்த்தாள். எட்டு இருபத்தாறு, எட்டு இருபத்தாறு, எட்டு இருபத்தேழு. முப்பத்தோரு பெயரும் சிவப்பு. சின்னப்பிள்ளையின் பெயர் சிவப்பாகக்கூட இல்லை, சாம்பல் நிறமாகிக் கடைசிக்குப் போயிருந்தது.

அவள் கண்ணுசாமியிடம் ஓடினாள். "நோட்டுல எழுதிருங்கண்ணே. எல்லாரும் எட்டுக்கு முன்னாடியே வந்தாங்க. நீங்களே பாத்தீங்கள்ல?"

"பாத்தேன். நான் இல்லைங்கலையே. மெஷினு ஓடலைன்னாதான் நோட்டு. இப்பதான் ஓடிருச்சே. ரிப்போர்ட்டு முதலாளி போனுக்கே போயிருக்கும். ரெண்டு கணக்கு காமிச்சா என்னையத்தான் கேப்பாரு." குரலைத் தாழ்த்தினார். "இன்னும் ஒரு அஞ்சு நிமிசம் பொறுத்திருந்தா நானே எழுதி முடிச்சிருப்பேன். சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கதையாப் போச்சும்மா."

பத்து மணிக்கு ரகுநாத் வந்தான். அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகத்தான் கேட்டான். மற்ற முப்பது பேருக்கும் இந்த ஒரு தடவை லேட்டை எடுத்துவிடச் சொல்கிறேன் என்றான். நீங்கிய பெயரைச் சேர்க்க மட்டும் வழியில்லை, புது ஆளாகப் போட்டால் பிறந்த தேதியிலேயே நின்றுவிடும் என்றான். பிறகு, "இந்த ஒட்டு வேலையெல்லாம் இனிமே வேணாங்க. நானே ஒரு ரூட்டர் வாங்கி மாட்டிடுறேன்" என்றான். மதியத்துக்குள் மாட்டியும் விட்டான்.

டீ நேரத்தில் கார்த்திகா உடைப்புக் கொட்டகைக்குப் போய்ச் சொன்னாள். சின்னப்பிள்ளை கையில் இருந்த கொட்டையை உடைத்து, பருப்பை முழுசாக எடுத்துத் தட்டில் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"ஏழே முக்காலுக்கு நின்னேனே ஆயி. நீ பாத்தியே."

"பாத்தேங்க்கா."

"அப்பறம் என்ன?"

சின்னப்பிள்ளை அடுத்த கொட்டையை எடுத்தாள். சாயங்காலம் வரை உடைத்தாள்.

மறுநாளும் அவள் முதல் பஸ்ஸில் வந்தாள். "மெஷினுக்கு நெட்டு மாறிப் போச்சுல்ல, எடுத்தாலும் எடுக்கும்" என்று முன்னால் போய் நின்றாள். நெட் இப்போது பிய்த்துக்கொண்டு ஓடியது. கண் மூடித் திறப்பதற்குள் திரையில் சிவப்புக் கோடு விழுந்து, 'பெயர் இல்லை' என்றது. அவள் பக்கவாட்டில் ஒதுங்கினாள். பரிமளா வந்து நின்றாள். மெஷினின் கண் அகலம். பரிமளாவின் தோளுக்கு மேலே சின்னப்பிள்ளையின் முகத்தைப் பிடித்து மறுபடியும் 'பெயர் இல்லை' என்றது.

"சின்னப்பிள்ள, செத்த தள்ளி நில்லு. அவுகளுக்கு லேட்டாயிரப் போவுது" என்றார் கண்ணுசாமி.

இரண்டடி தள்ளினாள். மறுபடியும் பிடித்தது.

"இன்னும் கொஞ்சம் அங்கிட்டு."

அவள் மெஷினைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தாள். கேட்டைத் தாண்டி, வரிசையின் வாலையும் தாண்டி, ரோட்டின் தார் விளிம்பில் போய் நின்று, "இப்பத் தெரியுதா?" என்று கேட்டாள்.

"இல்ல. இப்பத் தெரியல" என்றார் கண்ணுசாமி. வரிசை நகர்ந்தது.